ஆறு கேள்விகள், ஒரு தொலைபேசி எண்: முதியோர் கொடுமையைக் கண்டறியும் வினாத்தாளும் எல்டர்லைன் சேவையும்

முதியோர் கொடுமை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர்கள் பேருந்து நிலையத்தில் விட்டுச்செல்லப்பட்ட பாட்டியும், கோயில் வாசலில் தட்டேந்தி அமர்ந்திருக்கும் தாத்தாவும்தான். மருத்துவர்களும் செவிலியர்களும் நாள்தோறும் பார்க்கும் முதியவர்களோ வீட்டோடு இருப்பவர்கள். மகனோ மருமகளோ பேரனோ கைப்பிடித்து அழைத்து வருகிறார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்குள் கொடுமைக்கு ஆளாகிறார் என்றால், அதை வெளியாள் ஒருவர் கண்டுகொள்ளக்கூடிய இடம் பெரும்பாலும் எங்கள் பரிசோதனை அறைதான்.

சிறு நகரம் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கும் நான், இதற்காகப் பயன்படுத்திவரும் இரண்டைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒன்று, ஈ.ஏ.எஸ்.ஐ. (Elder Abuse Suspicion Index, அதாவது முதியோர் கொடுமை குறித்த ஐயக் குறியீடு) எனப்படும் ஆறு கேள்விகள் கொண்ட வினாத்தாள். மற்றொன்று, 14567 என்ற எண்ணில் இயங்கும் எல்டர்லைன் உதவிச் சேவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வினாத்தாளில் குறைகள் உண்டு, ஆனாலும் பயன்படுத்தத் தக்கது, உதவி எண் நல்ல சேவை, ஆனால் மருத்துவத் துறையினர் அதைப் போதிய அளவு நாடுவதில்லை. அடுத்து என்ன செய்வது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு முதியவரிடம் "உங்களை யாராவது அடிக்கிறார்களா" என்று கேட்பது அவருக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பதால், இவ்விரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஈ.ஏ.எஸ்.ஐ. வினாத்தாளை உருவாக்கியவர்கள் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தைச் சேர்ந்த மெக்கில் பல்கலைக்கழக மருத்துவர் மார்க் யாஃபியும் அவருடைய குழுவினரும். 2008-இல் அது வெளியானது. குடும்ப மருத்துவர் ஒருவர் வழக்கமான பரிசோதனையின் நடுவே இரண்டு நிமிடங்களில் கேட்டு முடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். எல்லாக் கேள்விகளும் கடந்த 12 மாதங்களைப் பற்றியவை. குளிக்க, உடுக்க, கடைக்குப் போக, வங்கிக்குப் போக, சாப்பிட என எதற்காவது பிறரைச் சார்ந்திருக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. உணவு, உடை, மருந்து, கண்ணாடி, காதுக்கருவி, மருத்துவ உதவி ஆகியவற்றையோ, நீங்கள் விரும்பும் மனிதர்களோடு இருப்பதையோ யாராவது தடுத்தார்களா என்பது இரண்டாவது. அவமானப்படுத்தும் விதமாகவோ மிரட்டும் விதமாகவோ யாராவது பேசியதால் மனம் வருந்தினீர்களா என்பது மூன்றாவது. கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கவோ, உங்கள் பணத்தை உங்கள் விருப்பத்துக்கு மாறாகப் பயன்படுத்தவோ யாராவது முயன்றார்களா என்பது நான்காவது. யாராவது பயமுறுத்தினார்களா, விரும்பாத விதத்தில் தொட்டார்களா, உடலில் காயப்படுத்தினார்களா என்பது ஐந்தாவது. ஆறாவது கேள்வி நோயாளிக்கு உரியதே அல்ல. கண்ணைப் பார்த்துப் பேசாமை, ஒதுங்கிப்போகும் இயல்பு, ஊட்டச்சத்துக் குறைவு, சுத்தமின்மை, வெட்டு, கன்றல், பொருந்தாத உடை, மருந்து ஒழுங்காகப் போய்ச் சேராமை ஆகியவற்றில் எதையாவது கண்டீர்களா என்று மருத்துவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு முதல் ஆறு வரையுள்ள கேள்விகளில் ஒன்றுக்கு "ஆம்" என்று வந்தாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் கேள்வி. அதற்கு எந்தப் பதில் வந்தாலும் அது யாரையும் குற்றம் சாட்டுவதாகாது. "குளிக்க மருமகள்தான் தண்ணீர் எடுத்து வைக்கணும்", "பேங்குக்குப் பேரன் போவான்" என்று முதியவர் இயல்பாகச் சொல்லத் தொடங்குவார். அவருடைய அன்றாட வாழ்க்கை யார் கையில் இருக்கிறது என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு கேட்கப்படும் கேள்விகள் விசாரணை போல் ஒலிப்பதில்லை.

நான்காவது கேள்வியை நம் ஊருக்கு ஏற்றபடி விரித்துக் கேட்காவிட்டால் பயனில்லை. "கையெழுத்து" என்று மட்டும் கேட்டால், கைநாட்டு வைத்தவர் இல்லை என்று சொல்லிவிடுவார். செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா, வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது, ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது, நகை அடகில் இருக்கிறதா, மாதாமாதம் வரும் ஓ.ஏ.பி. (அரசின் முதியோர் உதவித்தொகை) பணம் உங்கள் கைக்கு வருகிறதா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வசவையும் அடியையும் மறைத்துப் பேசும் முதியவர்கள் பணத்தைப் பற்றி ஓரளவு மனம் திறக்கிறார்கள் என்பது என் அனுபவம். சொத்தை எழுதிக் கொடுத்த மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டின் அளவு குறைந்தது, அறை மாறியது, மாத்திரை வாங்குவது நின்றது என்று ஒவ்வொன்றாக வெளிவரும்.

இரண்டாவது கேள்வியில் நான் சேர்த்துக்கொண்டது தண்ணீரை. தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்க எழுப்பிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக, மாலைக்குப் பிறகு தண்ணீர் கொடுக்காத வீடுகள் உண்டு. உடலில் நீர் குறைந்து, சிறுநீர்த் தொற்று ஏற்பட்டு, மனக்குழப்பத்தோடு அழைத்து வரப்படும் மூதாட்டிக்கு "வயசாகிவிட்டது, உளறுகிறார்" என்ற விளக்கம் தயாராக இருக்கும். தூக்க மாத்திரையும் அப்படித்தான். பகலிலும் எழாமல் கிடக்கிறார் என்றால், எழுதிக் கொடுத்த அளவுதான் கொடுக்கப்படுகிறதா என்று மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வினாத்தாள் அறிவுறுத்தும் தனிமைதான் நம் கிளினிக்குகளில் கிடைப்பதற்கு அரிய பொருள். உடன் வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொள்வார். நாம் பாட்டியிடம் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்வார். அவரை வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தின் விலையை வீடு திரும்பியதும் பாட்டிதான் கொடுப்பார். எனவே இசிஜி எடுக்கும் அறைக்கு உடன் வந்தவர்களை அனுமதிப்பதில்லை என்பதை எல்லாருக்கும் பொதுவான விதியாக வைத்துக்கொண்டோம். செவிலியர் அந்த நேரத்தில்தான் பேசுகிறார். காது கேளாதவர்களிடம் இதுவும் போதாது. நாம் உரக்கக் கேட்பது தட்டித் தடுப்புக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் வரை கேட்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள் உதவுகிறது. மற்றவர்களுக்கு என் ஸ்டெதஸ்கோப்பை அவர்கள் காதில் மாட்டி, மறுமுனையில் மெல்லப் பேசுகிறேன். இது பழைய முறைதான், நன்றாகவே பலன் தருகிறது.

இனி எண்கள். மாண்ட்ரியலில் இந்த வினாத்தாளின் முடிவைச் சமூகப் பணியாளர்களின் விரிவான மதிப்பீட்டோடு ஒப்பிட்டபோது, உண்மையில் கொடுமைக்கு ஆளானவர்களில் 47 விழுக்காட்டினரைத்தான் இது கண்டுபிடித்தது. ஆளாகாதவர்களில் 75 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. அதாவது பாதிக்கு மேற்பட்டோர் இதன் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார்கள், நூறு நல்ல குடும்பங்களில் இருபத்தைந்தின் மீது வீண் ஐயம் விழுகிறது. இதைச் சோதனைக்கூட முடிவு போல நம்பி, எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று வந்ததும் கோப்பை மூடிவிடுபவர்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். பெயரிலேயே சொல்லியிருப்பது போல, இது ஐயத்தை எழுப்புவதற்கான கருவி மட்டுமே. நான் பயன்படுத்துவது என் சொந்தத் தமிழாக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். மாண்ட்ரியலின் விழுக்காடுகள் அதற்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் கொள்ளக் கூடாது.

இருந்தும் ஏன் பரிந்துரைக்கிறேன் என்றால், கேட்காமல் விடும்போது வெளிவருவது மிகமிகக் குறைவு. அறுபது வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவில் முதுமை குறித்து 2017-18-இல் வீடுவீடாக நடந்த லாசி (LASI) ஆய்வில் அப்படிச் சொன்ன முதியவர்கள் சுமார் 5 விழுக்காடுதான். நம் வீடுகள் அந்த அளவுக்கு நல்ல வீடுகள் என்று நம்ப ஆசைதான். ஆனால் பெற்ற பிள்ளையைப் பற்றி வீட்டுக்கு வந்த அந்நியரிடம் சொல்வதை எவ்வளவு பெரிய இழுக்காக நம் முதியவர்கள் நினைக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் அந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் படிப்பார்கள்.

ஆறாவது கேள்வி இன்னும் விரிவாக இருந்திருக்கலாம். "கன்றல்" என்று மட்டும் சொல்வது போதாது. தவறி விழுந்தோ இடித்துக்கொண்டோ வரும் கன்றல்கள் பெரும்பாலும் கைகால்களில் இருக்கும். முகம், கழுத்து, காதின் பின்புறம், முதுகு, மேற்கையின் உட்புறம் ஆகிய இடங்களில் காணப்படுபவை, அதிலும் பிடித்து அழுத்திய விரல்களின் தடம் போல் இரு கைகளிலும் ஒன்றாகக் காணப்படுபவை, கவனத்துக்கு உரியவை. மணிக்கட்டைச் சுற்றியிருக்கும் தடம் கட்டிப்போட்டதன் அடையாளமாக இருக்கலாம். கன்றலின் நிறத்தை வைத்து அது எத்தனை நாள் பழையது என்று கணிக்கும் வழக்கம் நம்பத்தக்கதல்ல. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்பவர்களுக்கு லேசாகப் பட்டாலே இரத்தம் கட்டும் என்பதால், மருந்துச்சீட்டைப் பார்க்காமல் எவர் மீதும் ஐயப்படக் கூடாது. படுக்கைப்புண்ணும் அப்படியே, எவ்வளவு பராமரித்தாலும் சிலருக்கு வரும். நாற்றமடிக்கும் வரை எவரும் பார்க்காமல் விட்ட புண்ணுக்கும், மருந்து வைத்துத் துணி மாற்றியும் ஆறாத புண்ணுக்கும் உள்ள வேறுபாடு அனுபவமுள்ள செவிலியரின் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வினாத்தாளின் பெருங்குறை, நினைவாற்றல் குன்றாதவர்களை மனத்தில் வைத்தே இது உருவாக்கப்பட்டிருப்பது. மறதிநோய் உள்ளவர்கள்தாம் அதிகமாகக் கொடுமைக்கு ஆளாகக்கூடியவர்கள். அவர்களிடம் இதைக் கேட்டுப் பெறும் பதிலுக்கு மதிப்பு குறைவு. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் கிளினிக்குக்கு வருவதே இல்லை. தமிழ்நாட்டில் அந்தப் படுக்கையை நேரில் பார்ப்பவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீடுவீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்களும், வலிதணிப்புச் சிகிச்சைக்காகப் போகும் செவிலியர்களும், இயன்முறை மருத்துவர்களும்தாம். எந்த அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள், கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, போன முறை கொடுத்த மாத்திரை அப்படியே இருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட பயிற்சி எனக்கு முன்பாக அவர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மாண்ட்ரியல் மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒன்றும் உண்டு. நம் தென் மாவட்டங்கள் சிலவற்றில், எழ முடியாமல் கிடக்கும் முதியவரின் சாவை விரைவுபடுத்தும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அதைச் செய்பவர்கள் கொடுமை செய்வதாக நினைப்பதில்லை, விடுதலை கொடுப்பதாகவே நினைக்கிறார்கள். "இன்னும் எத்தனை நாள் டாக்டர்" என்று குடும்பத்தார் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, அந்தக் கேள்வியில் களைப்பு எவ்வளவு, வேறு எண்ணம் எவ்வளவு என்பதை மருத்துவர் பொறுமையோடு கேட்டறிய வேண்டும். வலிதணிப்புச் சிகிச்சைக்கு வழிகாட்டிவிடுவது அங்கே ஓர் உயிரைக் காக்கும் செயலாகவே அமையலாம்.

முதியவர் ஒருவர் "ஆம்" என்று சொல்லிவிட்டார். இனி என்ன? இங்கேதான் 14567 வருகிறது. மத்திய சமூகநீதி, அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் இந்தச் சேவை, டாடா அறக்கட்டளைகளின் முயற்சியால் ஐதராபாத்தில் 2017-இல் முளைவிட்டது. 2021 அக்டோபர் 1-இல், உலக முதியோர் நாளன்று, நாடு முழுமைக்குமான சேவையாக அறிவிக்கப்பட்டது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை. தகவல், சட்டம் மற்றும் ஓய்வூதியம் குறித்த வழிகாட்டல், மன ஆறுதல், களத்துக்கு நேரில் வந்து தலையிடுதல் என நான்கு வகை உதவிகளைத் தருகிறது. முதியவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்தாரோ மருத்துவரோ அழைக்கலாம்.

மூதாட்டி ஒருவருக்காக நான் அழைத்தபோது தமிழில் பேசினார்கள், அவசரப்படுத்தாமல் கேட்டார்கள். என்னை மிகவும் நிறைவடையச் செய்தது, அந்த அம்மா என்ன விரும்புகிறார் என்று அவர்கள் முதலில் கேட்டதுதான். ஏனென்றால், "வேண்டாம் டாக்டர், என் பிள்ளையை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். உயிருக்கு ஆபத்து இல்லாத வரையிலும், தெளிந்த மனத்தோடு ஒருவர் வேண்டாம் என்று சொல்லும்போது, அவரை மீறிப் புகார் கொடுப்பது இன்னொரு வகையில் அவருடைய உரிமையைப் பறிப்பதாகும். புகார் என்ற சொல்லே இல்லாமல், களப்பணியாளர் ஒருவர் வந்து குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, மருந்தும் சாப்பாடும் ஒழுங்காகக் கிடைக்க வழிசெய்து, பிறகும் தொடர்ந்து விசாரிப்பது பல வீடுகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்தச் சேவையின் வெளிப்படையான குறை நேரம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் இயங்குகிறது. குடித்துவிட்டு வரும் மகன் கைநீட்டுவது இரவு 8 மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் 112-ஐத்தான் அழைக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் 181-ஐயும் அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதன்று, தாய்க்கும் பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது: அந்தத் தாளை வீட்டில் யார் பார்ப்பார்கள்? மருந்துச்சீட்டின் ஓரத்தில் பெயர் எதுவும் குறிப்பிடாமல் 14567 என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்.

பேச்சுவார்த்தையால் தீராதவற்றுக்குப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 இருக்கிறது. நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்கும்படி ஆணையிடலாம். முதியவரால் மனுச் செய்ய இயலாதபோது அவர் அதிகாரமளிக்கும் வேறொருவரோ அமைப்போ மனுச் செய்யலாம். தீர்ப்பாயமே தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காத நிலையில், 23-ஆவது பிரிவின் கீழ் ரத்துச் செய்யக் கோரலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்படாததால் முன்பு பலர் தோற்றுத் திரும்பினார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறியதும், அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அன்பும் பாசமும் கருதி எழுதிக் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்ற நிலைப்பாட்டை எடுத்ததும், எங்களைப் போன்றோர் ஒரு முதியவரிடம் சற்று நம்பிக்கையோடு பேச இடம் கொடுத்திருக்கின்றன. கைவிட்டுச் செல்வோருக்கு 24-ஆவது பிரிவு விதிக்கும் தண்டனை, அதாவது மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், என் கருத்தில், குற்றத்தின் கனத்துக்கு ஈடானதல்ல.

வினாத்தாளுக்கும் தெரியாத, சட்டத்துக்கும் தெரியாத ஒருவர் இந்த வீடுகளில் இருக்கிறார். ஆண்டுக்கணக்கில் விடுப்பே இல்லாமல், இரவில் நான்கு முறை எழுந்து, மாமியாருக்கோ தாய்க்கோ மலம் அள்ளிக்கொண்டிருக்கும் பெண் அவர். ஒருநாள் கை ஓங்கிவிட்டு, அதை என்னிடம் தானாகவே சொல்லி அழுதவர்களும் உண்டு. அதுவும் கொடுமைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தேவைப்படுவது, பகலில் சில மணிநேரமாவது மாற்றாள், படுக்கையிலிருந்து தூக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க ஓர் இயன்முறை மருத்துவர், கணவரையும் நாத்தனாரையும் உட்கார வைத்துப் பொறுப்பைப் பங்கிடும் பேச்சு ஆகியவை. இப்படிப் பராமரிப்பவருக்கு ஓய்வு தரும் ஏற்பாடு நம் ஊர்களில் அனேகமாக இல்லை.

முதியோர் இல்லங்களுக்கும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் நர்சிங் ஏஜென்சிகளுக்கும் இந்த வினாத்தாளை அப்படியே கொண்டுபோக வேண்டாம். இல்லங்களின் நிலைமை குடும்பத்தைவிட மோசமாக இருக்கக்கூடும். ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகையில் முதியவரைத் துன்புறுத்தியதாகத் தாமே ஒப்புக்கொண்ட பணியாளர்கள் மூன்றில் இருவர் என்று உலக சுகாதார நிறுவனம் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. ஓர் இல்லத்தை மதிப்பிட நான் பார்ப்பவை வேறு: முன்னறிவிப்பின்றிப் பார்க்க அனுமதிக்கிறார்களா, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், கட்டிலோடு கட்டும் துணி எங்காவது இருக்கிறதா, அங்கே இருப்பவரோடு தனியாகப் பேச விடுகிறார்களா. நான் போய்ப் பார்த்த இல்லம் ஒன்றில் கடைசியாகச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்கள். அங்கே எவரையும் அனுப்புவதில்லை.

இவற்றைப் பயன்படுத்த விரும்பும் இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நடைமுறை சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐயம் எழுந்த அன்றே எழுதி வையுங்கள். முதியவர் சொன்னதை உங்கள் நடைக்கு மாற்றாமல் அவர் வாய்ச்சொல்லாகவே மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். உடல் வரைபடத்தில் காயத்தின் இடத்தையும் சென்டிமீட்டரில் அதன் அளவையும் குறிக்க வேண்டும். உடன் வந்தவர் யார், அவர் கொடுத்த விளக்கம் என்ன, அந்த விளக்கத்துக்குக் காயம் பொருந்துகிறதா என்பதையும் சேர்க்க வேண்டும். தாக்கப்பட்டதாக ஐயம் தரும் காயத்தை எம்.எல்.சி. (காவல் துறைக்குத் தெரிவிக்கப்படும் மருத்துவச் சட்ட வழக்கு) ஆகப் பதிவுசெய்யத் தயங்கக் கூடாது. "கொடுமை நடந்துள்ளது" என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. இந்தக் குறிப்புகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நோட்டில் எழுதாமல், கிளினிக்கிலேயே இருக்கும் பதிவேட்டில் மட்டும் எழுதி, அடுத்த வருகைக்கு வழக்கத்தைவிடக் குறுகிய தவணையாகத் தேதி கொடுத்து அனுப்புங்கள். அந்தத் தேதியில் அவர் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்து, சர்க்கரைப் பரிசோதனைக்கு நாளாகிவிட்டது என்று சொல்லி வரவழையுங்கள்.